நடுக்கூடத்து ஜாக்கி

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் தளம் குடித்த தண்ணீரை வேறெந்தத் தளமும் குடித்திருக்காது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தத் தெருவில் அப்போது குடியிருந்த யாரைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள், சொல்லிவிட்டு ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. எங்களுடையது சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. அப்பாவுக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்டு வேலை. அவரைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டதால், தங்கைக்குக் கல்யாணம் செய்துவைக்கும் பொறுப்பு அவர் தலையில் இருந்தது. அத்தைக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்த ஒருவர் காபியைக் குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்து, "வெயில் காலத்துல கஷ்டமா இருக்குமே" என்றார். போனவர் போனவர்தான். அந்த வார்த்தை அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. தளம் போட்ட பிறகுதான் இனி எந்த மாப்பிள்ளை வீட்டாரும் இந்த வாசற்படியை மிதிக்கலாம் என்று சபதம் போட்டார்.

எனக்கு அந்த ஷீட்டே போதும் என்றிருந்தது. என் தலையை அம்மா வாரினால் உயிர் போகும், அத்தை வாரினால் தூக்கம் வரும். ராத்திரி அவள் பக்கத்தில்தான் படுப்பேன். கல்யாணம் ஆனால் அத்தை வேறு வீட்டுக்குப் போய்விடுவாள் என்று அம்மா விளையாட்டாகச் சொன்னதிலிருந்து, பிள்ளையார் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் அத்தைக்குக் கல்யாணமே ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அத்தையும் என் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு எதையோ வேண்டுவாள். இரண்டு பேரும் ஒரே வரத்தைத்தான் கேட்கிறோம் என்று நம்பினேன்.

கடன் உடன் வாங்கி ஷீட்டைப் பிரித்துச் சுவரை ஏற்றியாயிற்று. ஒருநாள் காலையில் குட்டியானை வண்டி நிறைய இரும்புக் குழாய்கள் வந்து இறங்கின. அதுவரை எங்கள் தெருவில் தளம் போட்டவர்களெல்லாம் சவுக்குக் கட்டையைத்தான் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். நீளம் போதாவிட்டால் கட்டைக்கு அடியில் செங்கல்லோ பலகையோ செருகுவார்கள். ஜாக்கி என்று சொல்லும் இந்த இரும்பு முட்டுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்குழாயை மேலே இழுத்து ஓட்டையில் ஒரு கம்பியைச் செருகி, வெளிக்குழாயில் உள்ள கைப்பிடியைத் திருகினால், ஜாக்கி கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து மேலே பரப்பிய தகடுகளை முட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தகடுகளின் மேல் கம்பி கட்டிக் கான்கிரீட் கொட்டுவார்கள்.

ஜாக்கிகளை வாடகைக்கு விடுபவரே வண்டியில் கூட வந்து இறங்கினார். அப்பாவைவிடச் சின்னவர், மெலிந்த ஆள். சட்டைக் கையில் எப்போதும் கிரீஸ் கறை இருக்கும். "அண்ணே, நான் பாத்துக்கறேண்ணே, நீங்க டீ சாப்புடுங்கண்ணே" என்று வாய்க்கு வாய் அண்ணே போட்டதில் அப்பா குளிர்ந்துபோனார். குறுக்கும் நெடுக்குமாக எல்லாவற்றையும் நிறுத்தி முடித்து, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார். நான் அவருக்கு ஜாக்கிக்காரர் என்று பெயர் வைத்தேன். வீட்டில் எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தளம் போட்ட மறுநாளிலிருந்து எங்கள் கூடம் தோப்பாகிவிட்டது. சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஜாக்கிகளுக்கு நடுவில்தான். டிவி பார்க்க வேண்டுமென்றால் இரண்டு குழாய்களுக்கு இடையில் தலையை வைத்துக்கொள்ள வேண்டும். அம்மா கொடி கட்டித் துணி உலர்த்தினாள். நான் கைப்பிடியில் ஸ்கூல் பையை மாட்டினேன். அதற்கு மட்டும் ஜாக்கிக்காரர் தடை போட்டார். "பாப்பா, அதுல கை வெக்காத. அது லூசாச்சுன்னா தளம் சொத்தையாப் பூடும்" என்றார். அன்றைக்கு ஆரம்பித்த பயம், தூக்கத்தில் காலை நீட்டக்கூட யோசித்தேன்.

புதுத் தளம் இறுக வேண்டுமென்றால் மேலே சின்னச் சின்னப் பாத்தியாகக் கட்டித் தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டும். காய விட்டால் விரிசல் விட்டுவிடும். அந்த வேலையை அத்தை ஏற்றுக்கொண்டாள். காலையில் ஜாக்கிக்காரர் மொபெட்டில் வந்து கூடத்து ஜாக்கிகளை ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு மேலே தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கப் போவார். சரியாக அந்த நேரத்தில்தான் அத்தைக்கும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறத் தோன்றும். சாயங்காலமும் அதே கதைதான். ஐப்பசி மழை ஊற்றிய நாளிலும் இரண்டு பேரும் பாத்தியில் தண்ணீர் இருக்கிறதா என்று குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். என்ன பொறுப்பான மனுஷர் என்று அப்பா கம்பெனியில் போய் அவர் புகழ் பாடினார். சாமானை வாடகைக்கு விட்டவன் தினமும் வந்து பார்க்கிற அதிசயத்தை அவர் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

ஒரே ஒரு விஷயம் அம்மாவின் கண்ணில் பட்டது. முதல் வாரத்தில் அண்ணே அண்ணே என்று உருகிய ஜாக்கிக்காரர், அடுத்த வாரத்திலிருந்து அந்த அண்ணேவை விட்டுவிட்டார். "இங்க பாருங்க" என்பார், "கேட்டீங்களா" என்பார், எப்படியோ முறை சொல்லாமலே சமாளித்தார். அம்மா இதை அப்பாவிடம் சொன்னபோது, "ஏன், நான் என்ன தப்பா பேசிட்டேன்?" என்று அப்பா வருத்தப்பட்டார். அம்மா நெற்றியில் தட்டிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மேஸ்திரி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, பிரித்துவிடலாம் என்று சொல்லிப் போனார். ஜாக்கிக்காரர் தலையை ஆட்டினார். "நடுவுல அகலம் ஜாஸ்தி. இன்னும் ரெண்டு நாளு போவட்டும். வாடகையப் பத்தி நீங்க கவலப்படாதீங்க" என்றார். ரெண்டு நாள் கழித்தும் அதையே சொன்னார். இன்னும் தண்ணி ஊத்தணும் அண்ணே என்று அத்தையும் சொன்னாள். எனக்கு ஏக சந்தோஷம். ஜாக்கி நிற்கிற வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வரமாட்டார்கள், இந்தப் போராட்டத்தில் அத்தையும் ஜாக்கிக்காரரும் என் கட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அப்பா மேஸ்திரி பேச்சை நம்பிக் கடலூர்ப் பக்கத்து வரன் ஒன்றுக்கு நாள் சொல்லியிருந்தார். நல்ல இடம், மாப்பிள்ளைக்கு நிலையான வேலை. இந்த ஒன்று தட்டிப்போனால் இனி யார் வரப்போகிறார்கள் என்று அவருக்குத் தூக்கமே இல்லை. அத்தை அவரிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தாள், அவர் கேட்கிற நிலையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், விருந்தாளிகள் உட்கார இடம் வேண்டுமே என்று, அவரே நடுக்கூடத்து ஜாக்கிகள் இரண்டைக் கழற்றித் தோட்டத்தில் சாத்திவிட்டு அந்த இடத்தில் ஜமக்காளம் விரித்தார். ஓரத்து ஜாக்கிகளுக்கு அம்மா அவசர அவசரமாகப் பூச்சரம் சுற்றினாள். தளம் எப்போது தலையில் விழும் என்று நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு சமையலறை வாசலுக்கு வந்தாள். அந்த நேரத்தில் வெளியே மொபெட் நின்ற சத்தம் கேட்டது. ஜாக்கிக்காரர் உள்ளே நுழைந்து, பூச்சுற்றிய ஜாக்கிகளைப் பார்த்தார், ஜமக்காளத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். நேராகத் தோட்டத்துக்குப் போய் ஒரு ஜாக்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் அப்பாவிடம், "சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நடுவுல முட்டு இல்லாம இருக்கக்கூடாது" என்றார்.

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "நாளைக்கு வெச்சிக்கலாம்பா" என்றார். ஜாக்கிக்காரர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ஜமக்காளத்தைச் சுருட்டிவிட்டு, மாப்பிள்ளைக்கும் அத்தைக்கும் சரியாக நடுவில் ஜாக்கியை நிறுத்தினார். ஒரு ஆள் பிடித்துக்கொள்ள, இன்னொரு ஆள் திருக வேண்டும். அவர் தனியாகத் திருகப் பார்த்ததில் குழாய் சாய்ந்தது. அத்தை காபித் தட்டைத் தரையில் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் வைத்துக் குழாயை நேராகப் பிடித்தாள். எவ்வளவோ நாள் பழகிய வேலை மாதிரி இருந்தது. அவர் திருகினார். அத்தை தளத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு சுத்து" என்றாள்.

அந்தக் கைப்பிடி கிரீச்சிட்டது மட்டும்தான் கேட்டது. நல்லவேளை, தளம் பிழைத்தது என்று நான் மூச்சு விட்டேன். மாப்பிள்ளையின் அம்மா தரையிலிருந்த தட்டிலிருந்து ஆறிய காபியை எடுத்துக் குடித்து முடித்தாள். "வீட்டு வேலை முடியட்டும், அப்பறமா பேசிக்கலாம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஜாக்கிக்காரரும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். "எவ்ளோ நாளா?" என்று அத்தையைக் கேட்டார். "தளம் போட்டதுலேர்ந்துண்ணே" என்றாள் அத்தை. அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அத்தை தண்ணீர் ஊற்றிய கணக்கை அப்பா நம்பவில்லையோ என்று எனக்குப் பொறுக்கவில்லை. "ஆமாம்பா, நான் பாத்தேன், மழையிலகூட ரெண்டு பேரும் போயி ஊத்துனாங்க" என்று சாட்சி சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அப்பா நடுக்கூடத்து ஜாக்கியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார். பிறகு யாரிடம் என்றில்லாமல், "அதான் அண்ணேன்னு கூப்புடறத நிறுத்திட்டான்" என்றார்.

மறுநாள் காலையில் ஜாக்கிக்காரர் வருவாரா என்று எல்லோரும் வாசலையே பார்த்தோம். வந்தார். ஆனால் வண்டியை விட்டு இறங்கவில்லை. அப்பா வாசலில் நின்றபடியே, ஜாக்கியை எப்போது பிரிக்கலாம் என்று கேட்டார். "நீங்க சொல்ற அன்னிக்கி" என்றார் அவர். வீட்டில் பெரியவர்கள் யார் இருக்கிறார்கள் என்று அப்பா கேட்டார். அம்மா மட்டும்தான் என்று பதில் வந்தது. "ஞாயித்துக்கெழம கூட்டியாங்க. அதுவரைக்கும் ஜாக்கி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே வந்துவிட்டார். அந்த மனுஷர் மொபெட்டை ஸ்டார்ட் செய்ய மறந்து கொஞ்ச தூரம் காலால் தள்ளிக்கொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்தாள். மகனுடைய சாமானெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஜாக்கிகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து அத்தையின் தலையில் அவளே வைத்துவிட்டாள். வாடிப்போவதற்குள் யாருக்காவது கொடுக்க நினைத்திருப்பாள். மீதியில் எனக்கும் ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தாள். அம்மா அன்றைக்குக் கேசரி கிளறியிருந்தாள். எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுநாளே ஜாக்கிகளைப் பிரித்தார்கள். தகடுகள் இறங்க இறங்கக் கூடம் பெரிதாகிக்கொண்டே போனது. பேசினால் எதிரொலித்தது. மேலே சாம்பல் நிறத்தில் தளம், தகடுகளின் கோடு கோடான அச்சோடு, நடுவில் ஒரே ஒரு முட்டோடு நின்றது. மிஞ்சிய அந்தக் கடைசி ஜாக்கியின் கைப்பிடியை அத்தையே திருகித் தளர்த்தினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஜாக்கிக்காரர் இனிமேல் வரமாட்டாரே என்று அழுகிறாள் என்று கண்டுபிடித்துவிட்டேன். எனக்கும் அவர்மேல் பிரியம்தான், ஆனால் என் கவலைதான் தீர்ந்துவிட்டதே. பெருந்தன்மையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அழாத அத்தை. மேல ஒரு ரூம் கட்டச் சொல்லி அப்பாகிட்ட சொல்றேன். அப்ப மறுபடியும் ஜாக்கி எடுத்தாருவாரு."

அத்தை என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அப்புறம் நிஜமாகவே அழுதாள்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனேன். தலையில் முதல் நாள் வைத்த மல்லிகைத் துண்டு வாடிப்போய் இருந்தது. ஏன் லேட்டு என்று பக்கத்தில் உட்காருகிறவள் கேட்டாள். வீட்டில் ஜாக்கி பிரித்தார்கள் என்றேன். பொண்ணு பாக்க வந்தவங்க போயிட்டாங்க, ஜாக்கிக்காரரும் போயிட்டாரு, எங்க அத்தை இனிமே எங்கயும் போவாது என்று அவளிடம் சொல்லிவிட்டு, நிம்மதியாகச் சிலேட்டை எடுத்தேன்.