ஏழடிச் சுவர் வேண்டாம்: ஒரு வேலியைப் பார்க்கக் கடையநல்லூர் போய் வந்தேன்

இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குற்றாலத்தில் எப்போது தண்ணீர் விழும், எந்த ரயிலில் கூட்டம் குறைவு என்று தேடி வருகிறவர்கள். இந்த முறை அருவியும் இல்லை, கோயிலும் இல்லை. போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை, சங்கரன்கோவிலில் இருந்து கிளம்பிப் போய் ஒரு வீட்டு வேலியைப் பார்த்துவிட்டு வந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுத் தொடருங்கள். வீட்டைக் கட்டி முடித்துவிட்டு முன்பக்கம் என்ன வைப்பது என்று விழிக்கிற யாருக்காவது இது உதவும்.

என்னைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்கு. வயது நாற்பத்தாறு, அரசு அலுவலகத்தில் எழுத்தர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புளியங்குடி சாலையில் ஊர் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிப் போன தை மாதம் குடி வந்தேன். வீட்டுக்கு முன்னால் நாற்பத்து நான்கு அடி நீளத்துக்குத் தோட்டம்: பிச்சி, கத்தரி, ஒரு முருங்கை, கறிவேப்பிலை. இந்தத் தோட்டத்துக்கு முன்னால் என்ன வரப்போகிறது என்பதில்தான் எனக்கும் என் அண்ணனுக்கும் சண்டை.

அண்ணன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஹாலோ பிளாக் கல்லுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்து, திங்கட்கிழமை காலையில் லோடு வருகிறது என்றான். ஏழடி உயரம், மேலே கண்ணாடிச் சில்லு. ஏன் என்று கேட்டதற்கு அவன் சொன்னது இது:

"ஒத்தப் பொம்பளை இருக்க வீடுட்டி. தெருவுல போறவன் வாறவன் கண்ணெல்லாம் உள்ள விழணுமா?"

விழ வேண்டும் என்றுதான் நான் சொல்கிறேன். காரணம் இருக்கிறது. இதற்கு முன் நான் இருந்த வாடகை வீட்டில் ஏழடிச் சுவர் இருந்தது. ஒரு நாள் மதியம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை, செல்போன் வீட்டுக்குள் கிடந்தது. வாசல் கேட்டின் அடி இடுக்கில் தெருவில் போகிறவர்களின் செருப்புக் கால்கள் எனக்குத் தெரிந்தன. நான் கத்தியது அவர்களுக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் அந்தத் தெருவில் எட்டு வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. மின்சாரம் நின்று தறிகள் ஓய்ந்த பிறகுதான் எதிர்வீட்டு அக்காவின் காதில் விழுந்தது. அதற்குள் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இதிலிருந்து அண்ணன் எடுத்த முடிவு, நான் தனியாக இருக்கக்கூடாது, அவன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது. நான் எடுத்த முடிவு, இனி என் வாழ்நாளில் ஏழடிச் சுவருக்குள் இருக்கமாட்டேன் என்பது.

சரி, சுவர் இல்லை என்றால் வேறு என்ன? கம்பி வலையைப் பார்த்தாலே எனக்குக் கோழிப் பண்ணை ஞாபகம் வரும். மர வேலி போடலாம், ஆனால் எங்கள் ஊரில் புற்றுக்குப் பஞ்சமே இல்லை, இரண்டு மழைக்குள் கறையான் தின்று முடித்துவிடும். அப்போதுதான் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிறவர் தன் உறவுக்காரர்களின் பக்கத்து வீட்டு வேலியைப் படமாகக் காட்டினார். கம்போசிட் பலகை. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து அச்சில் இழுத்துச் செய்வது. பார்க்க மரம் போலவே இருக்கும், கறையான் சீண்டாது, வருடா வருடம் பெயின்ட் அடிக்க வேண்டியதில்லை. வீடு கடையநல்லூரில். நேரில் பார்க்காமல் அண்ணனிடம் வாயைத் திறக்க முடியாது என்று சனிக்கிழமையே கிளம்பினேன்.

காலை 9.20க்கு வரவேண்டிய பாசஞ்சர் 9.35க்கு வந்தது. டிக்கெட் பத்து ரூபாய். இடது பக்க ஜன்னலைத் தவிர்த்துவிடுங்கள், அந்த நேரத்துக்கு வெயில் முகத்தில் அடிக்கும். பாம்பகோவில் சந்தை நிலையத்தைத் தாண்டியதும் வலது பக்கம் மலை நன்றாகத் தெரிந்தது. 10.15க்குக் கடையநல்லூரில் இறங்கினேன். நிலையத்தில் இருந்து அந்த வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். வேலி பார்க்க வந்தேன் என்று சொன்னதும், வீடு விலைக்கு வருகிறதா என்று ஆட்டோக்காரர் இரண்டு முறை கேட்டார்.

இறங்கிப் பார்த்ததும் எனக்குக் கண்ணைக் கட்டியது. படத்தில் கோடு போட்டதுபோல் இருந்த வேலி, நேரில் மழையில் நனைந்த அட்டைப் பெட்டி மாதிரி வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு பலகை வெடித்திருந்தது. படம் வேலி போட்ட புதிதில் எடுத்தது போலிருக்கிறது. அண்ணன் சொன்னதுதான் சரி, திங்கட்கிழமை லோடு இறங்கப் போகிறது, நானும் சுவருக்குள் போகப் போகிறேன் என்று அங்கேயே நினைத்துவிட்டேன். அழுகை வந்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அந்த வீட்டு அம்மா பெயர் ரஹ்மத். என் வயதுதான் இருக்கும். வீட்டிலேயே தையல் வேலை. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். நான் வருவதாக அலுவலக நண்பர் முன்பே சொல்லியிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ரஹ்மத் சிரித்துவிட்டு, முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள் என்று பக்கத்துச் சந்துக்கு அழைத்துப் போனார். அங்கே அதே பலகை, அதே நிறம். தூணுக்குத் தூண் நான்கு கட்டமும் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றன.

அதன்பின் அவர் சொன்னதன் சுருக்கம் இது. இந்தப் பலகை வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். எட்டடிப் பலகையைத் தூணின் பள்ளத்தில் இறக்கும்போது இரண்டு முனையிலும் கொஞ்சம் இடம் விட வேண்டும். பொருத்த வந்த ஆளும் அதைத்தான் சொன்னாராம். ஆனால் வீட்டுக்காரர் வீடியோ காலில் பார்த்துக்கொண்டே, ஒரு துளிகூட இடைவெளி தெரியக்கூடாது, வெளியே இருந்து யார் கண்ணும் உள்ளே படக்கூடாது என்று சொல்லிவிட்டார். பலகையை அடித்து இறுக்கி, முனைகளில் பசையும் பூசிவிட்டார்கள். போன வருடச் சித்திரை வெயிலில் நீளுவதற்கு இடமில்லாமல் பலகைகள் வளைந்துவிட்டன. முனை இறுகிக் கிடந்ததால் வெயில் தணிந்த பிறகும் நிமிரவில்லை.

பழுது பார்க்க யாரும் வரவில்லை. ரஹ்மத்தே ஒரு ஹாக்ஸா பிளேடு வாங்கி, சந்துப் பக்கத்துப் பலகைகளை ஒவ்வொன்றாக மேலே உருவி எடுத்து, முனையை அறுத்து, திரும்ப இறக்கியிருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு கட்டம். மூன்று பலகை உடைந்து போனதால், மற்றவற்றை ஒரு விரல் இடைவெளியில் பரத்தி வைத்தாராம். உடைந்த துண்டுகளையே இடையில் தாங்கலுக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பக்கம் நின்றபோது நல்ல காற்று வந்தது, சந்தில் மீன் விற்றுக்கொண்டு போகிறவரும் தெரிந்தார்.

முன்பக்கத்தை ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்டேன்.

"அவுக அடுத்த மாசம் லீவுல வாறாக, இன்ஷா அல்லாஹ். வந்து கண்ணால பாக்கட்டும்னு அப்படியே வச்சிருக்கேன்க்கா," என்றார். "அறுக்கத் தெரியாம இல்ல."

எனக்கு அந்த அம்மாவை மிகவும் பிடித்துவிட்டது. வளைகுடாவில் இருந்துகொண்டு ஒருவர் சொன்னதை, சங்கரன்கோவிலில் இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்துகொண்டு என் அண்ணனும் அப்படியே சொல்கிறான் என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். டீயும் முறுக்கும் கொடுத்தார். கிளம்பும்போது, மூன்று ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றாக வைத்துக் கறுப்பு டேப் சுற்றிய ஒரு வில்லையை என் கையில் வைத்தார். பலகை முனைக்கும் தூணுக்கும் நடுவே இந்தக் கனம் இருந்தால் போதும், பொருத்துகிற ஆளின் பக்கத்தில் நின்று நீங்களே வைத்துப் பாருங்கள் என்றார்.

12.10க்குத் தென்காசி போகிற டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பதினேழு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். அங்கே இந்தப் பலகை விற்கிற கடையில் கம்போசிட் வேலியின் புது மாதிரிகளை ஒரு பெரிய புத்தகத்தில் காட்டினார்கள். இப்போது நெட்டுக்குத்தாகப் பலகை வைப்பது குறைந்துவிட்டதாம், படுக்கை வசத்தில் இடைவெளி விட்டு அடுக்குவதுதான் எல்லாரும் கேட்பது. நிறத்தில் கரிச் சாம்பல்தான் முதலிடம். திருகு வெளியே தெரியாத அலுமினியத் தூண், தூணின் தலையில் சோலார் விளக்கு, நடுவே இலை வடிவத்தில் வெட்டிய தகடு, மேல் பாதியில் கொடி படர்த்தச் சட்டம் என்று என்னென்னவோ வந்திருக்கிறது. படத்தில் இருந்த எல்லா வீட்டிலும் புல்தரை இருந்தது, ஒன்றில்கூட ஆடு இல்லை. எங்கள் சாலையில் தினமும் காலையும் மாலையும் அறுபது ஆடு போகிறது.

கரிச் சாம்பல் வேண்டாம் என்றேன், எங்கள் ஊர் வெயிலில் அது கொதித்துவிடும். வெளிர் தேக்கு நிறம், படுக்கை வசம், நாலரை அடி உயரம். கீழ்ப் பாதியில் ஆட்டின் மூக்கு நுழையாதபடி ஒரு விரல் இடைவெளி, மேல் பாதியில் இரண்டு விரல். கடைக்காரர் எழுதிக்கொண்டே, முடிவு செய்வதற்கு முன் வீட்டில் சாரும் ஒரு தடவை வந்து பார்க்கட்டுமே என்றார்.

"எங்க வீட்டுல சாரும் நான்தான் அண்ணாச்சி. அளவை எழுதிக்கிடுங்க," என்றேன்.

சதுர அடி 260 என்றவர் 235க்கு இறங்கினார், தூணும் கூலியும் தனி. முன்பணம் கொடுத்துவிட்டு, 3.40க்குச் சுரண்டை, சேர்ந்தமரம் வழியாக வரும் பஸ்ஸைப் பிடித்தேன். முப்பத்தைந்து ரூபாய், ஒன்றரை மணி நேரம். மாலை வெயிலுக்கு வீட்டுக்கு வந்து செடிக்குத் தண்ணீர் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் போட்டு, வேலிக்குப் பணம் கட்டிவிட்டேன், கல்லை நிறுத்து என்றேன். சட்டென்று போனை வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கல் லோடு வாசலில் நின்றது. பின்னாலேயே அண்ணன் பைக்கில் வந்தான். நான் வாசலை மறித்து நின்றுகொண்டு டிரைவரிடம் பேசினேன்.

"ஆர்டர் குடுத்தவுக வீடு இது இல்ல அண்ணாச்சி. ரெண்டு தெரு தள்ளி. அங்கன கொண்டு இறக்குங்க."

டிரைவர் அண்ணனைப் பார்த்தார். நான் நகரவில்லை. முருங்கை மரத்தடியில் ஆடுகள் நின்றன, எதிர்க் கடையில் டீ குடித்தவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். காலில் பழைய முறிவு வேறு வலித்தது. அண்ணன் பைக்கைத் திருப்பினான், லாரியும் பின்னாலேயே போனது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவன் என்னிடம் பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் வேலி வந்தது. பொருத்த வந்தவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு முனையிலும் ரஹ்மத்தின் வில்லையை வைத்துப் பார்த்தேன். அவருக்கு எரிச்சல்தான். இருந்துவிட்டுப் போகட்டும். இந்தச் சித்திரையும் அக்னி நட்சத்திரமும் போய்விட்டன, ஒரு பலகைகூட வளையவில்லை.

நீங்களும் போட நினைத்தால், கடையின் புத்தகத்தை நம்பாதீர்கள். குறைந்தது ஒரு கோடையைத் தாண்டிய வேலி எங்கே நிற்கிறது என்று கேட்டு, அந்த ஊருக்குப் பஸ் ஏறுங்கள். மத்தியான வெயிலில் போய்ப் பாருங்கள். பொருத்துகிற அன்று விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, அங்கே குடியிருக்கப் போகிறவர் யாரோ அவர் போய்ப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் பிச்சி பறித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே பைக் வந்து நின்றது. அண்ணன் இறங்கவில்லை. பலகைகளின் இடைவெளியில் என்னையும், வாளியையும், திறந்து கிடந்த வாசல் கதவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எல்லாம் தெரியுதேட்டி," என்றான்.

"ஆமா. எனக்கும் எல்லாம் தெரியுது," என்றேன்.