ஏசிக்குக் கீழே மணல் வாளி

அட, அத ஏன் தாயி கேக்க, படுக்கிற ரூமுல எதுக்கு மணல் வாளின்னு வர்றவுக எல்லாருந்தான் கேக்காக. அது எம் மருமக வச்ச வாளி. நீ இந்தத் தெருவுக்குக் குடிவர்றதுக்கு முந்தி நடந்தது. உக்காரு, சொல்றேன்.

அவ காரியாபட்டிக்காரி, நர்ஸு. கல்யாணமாகி வந்த மொதக் கோடை. ராத்திரி டூட்டி பாத்துட்டுக் காலையிலதான் வந்து படுப்பா. நம்ம விருதுநகர் வெயிலு மனுசங்களையே வத்தலாக் காயப்போட்டுரும். அவுக அப்பா சீராக் குடுத்த ஏசி இருந்தாத்தான் அவளுக்குத் தூக்கம். எங்கிட்டப் பேசுறதே கொறச்சல். அத்தை கோவக்காரின்னு யாரோ சொல்லிவச்சிருக்காக. யாரு, எம் மகன்தான்! அவன் சின்னதுல... சரி விடு, அது வேற கதை.

அந்த ஏசி திடீர்னு குளுந்த காத்து விடாமச் சொட்டுச் சொட்டாத் தண்ணிய விடுது. மெக்கானிக்குக்குப் போன் போட்டா, "இப்ப சீசன், பாட்டி. அடுத்த வாரம் பாப்போம்"ங்கான். பிள்ளைக்குத் தூக்கமில்லாமக் கண்ணு செவந்துபோச்சு. ஒருநா பையில துணிய அடுக்குறா. "அத்தே, ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல எடம் இருக்காம். கொஞ்ச நாள் அங்கன இருந்துக்கிறேன்"னா. போற பிள்ள திரும்பி வருமா? இருன்னு சொன்னா அதிகாரம் பண்றேன்னு நெனப்பாளோன்னு வாயும் வரல.

போறதுக்கு முன்னாடி நாமளே ஒருக்கா பாப்போம்னு, மெயின் சுச்ச அமத்திட்டு, ஸ்டூலு மேல ஏறி மூடியக் கழத்துனா. உள்ள சீப்புப் பல்லு கணக்காப் பளபளன்னு தகடு. அது மேல கம்பளி போத்துன மாதிரி தூசி.

"என்னது தாயி அது?"

"அலுமினியம் அத்தே. தூசி அடச்சிருக்கு, தண்ணி அடிச்சாப் போயிரும்"னு தண்ணி பீச்சுற பாட்டிலத் தூக்குனா பாரு!

நான் சிவகாசியில வெடி மருந்து கலக்குற ரூமுல கெடந்தவ. அலுமினியப் பவுடருல தண்ணி பட்டாச் சூடேறிப் பத்திக்கிரும், அந்தத் தீய மணலப் போட்டுத்தான் அமத்தணும். ஈரக்கையோட உள்ள போனாலே போர்மேன் தொரத்துவாரு. "ஏ பிள்ள, தண்ணி அடிக்காத, வெடிச்சிரும்!"னு கத்திக்கிட்டே, கொத்தனாரு வாசல்ல விட்டுட்டுப் போன மணல வாளியில அள்ளிக்கிட்டு ஓடியாந்தேன். வந்த வேகத்துல பாதி மணலு மெத்தையில!

அவ என்னயப் பாக்கா, வாளியப் பாக்கா, மெத்தையப் பாக்கா. அப்புறம் சிரிச்சா பாரு, ஸ்டூலே ஆடுது. அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பாக்கேன். "அத்தே, இது பவுடரு இல்ல, தகடு! உங்க சோத்துப் பானையும் அலுமினியந்தான? அதுல தண்ணி ஊத்தி ஒல வைக்கிறீகள்ல?"ன்னா. எனக்கும் அடக்கமாட்டாமச் சிரிப்பு.

பழைய பல்லு வெளக்குற பிரஷால மேலருந்து கீழ மெதுவா நீவுனோம். குறுக்க இழுத்தாத் தகடு மடங்கிரும்னா. தண்ணி அடிக்க அடிக்க, வெளிய குழாயில காப்பித் தண்ணி கணக்கா அழுக்கு ஊத்துது. காயவிட்டுச் சுச்சப் போட்டோம், ஆத்தாடி, எம்புட்டுக் குளுச்சி! மெத்தையில மணலக்கூடத் தட்டாம அப்பிடியே தூங்கிட்டா.

அவ தூங்கையில பையிலருந்த துணிய எல்லாம் எடுத்து நான் பீரோவுல அடுக்கிட்டேன். எந்திரிச்சுப் பாத்தா. பை காலி. வாளியத் தூக்கி ஏசிக்குக் கீழ வச்சா. "இருக்கட்டும் அத்தே, பாதுகாப்புக்கு"ன்னா. அன்னைலருந்து அது அங்கனதான் இருக்கு.

அந்தா, அவ வண்டிச் சத்தம் கேக்கு. இன்னைக்கு ஏசி கழுவுறோம். பிரஷு, பாட்டிலு எல்லாம் அந்தப் பையிலதான் கெடக்கு, ஹாஸ்டலுக்குப் போக எடுத்தாளே, அதே பைதான். நீ இரு தாயி, அத எடுத்து வச்சிட்டு வாரேன்...