மூன்று நிற அட்டைகள்

"படிச்சு முடிச்சிட்டு வேஷம் கட்டப் போறியா? நம்ம ஆளுங்க யாரும் வரமாட்டாங்க லா," என்றார் அண்ணன். லாரி ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம்வரை போன முதல் ஆள் நான். அதில் என்னைவிட அவருக்குத்தான் பெருமை. அதனால் கோபம் வரவில்லை. ஈப்போவில் நான் நடத்தப்போகும் காஸ்பிளே நிகழ்ச்சிக்கு வருவார்கள் என்று மட்டும் சொன்னேன்.

காஸ்பிளே எனக்குப் பல்கலைக்கழகத்தில் தொற்றியது. பிடித்த கதைமாந்தரின் உடையைச் செய்து அணிந்து, ஒருநாள் முழுக்க அவராகவே நடமாடுவது. கோலாலம்பூர் நிகழ்ச்சிகளில் கைதேர்ந்தவர்களின் கவசங்கள் உலோகம்போலவே மின்னும். புதிதாகப் போகிறவள் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்புவாள். நானும் அப்படித் திரும்பியவள்தான். ஈப்போவில் நான் நடத்தினால் யாரும் அப்படித் திரும்பக் கூடாது என்று உறுதியாக இருந்தேன்.

மண்டபம் நிறைந்தது. வாசலில் நின்று நானே ஒவ்வொருவர் கழுத்திலும் அட்டை மாட்டினேன். புதியவர்களுக்குப் பச்சை, ஓரளவு தெரிந்தவர்களுக்கு மஞ்சள், கைதேர்ந்தவர்களுக்குச் சிவப்பு. பச்சையைப் பார்த்ததும் மற்றவர்கள் வந்து உதவுவார்கள் என்று நினைத்தேன்.

பக்கத்து ஊரான செமோரிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். பேரங்காடியில் காசாளர், நாற்பது வயதிருக்கும். பழைய யோகா பாயை வெட்டி, போர்வீராங்கனை ஒருத்தியின் சிறகுகளைச் செய்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு தனக்கென்று ஒரு நல்ல படம் எடுத்ததில்லை, இன்று ஒன்று கிடைத்தால் போதும் என்றார். பச்சை அட்டை மாட்டி உள்ளே அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சிறகைக் கழற்றிக்கொண்டிருந்தார். படம் எடுப்பவர்கள் சிவப்பு அட்டையாகத் தேடிப் போயிருந்தார்கள். உதவவும் யாரும் வரவில்லை.

"பெரட்டுல நிக்கிற மாதிரி இருக்கு, தங்கச்சி. பால் வெட்டுறவங்க ஒரு பக்கம், புல் வெட்டுறவங்க ஒரு பக்கம். நான் வாரேன்."

பெரட்டு என்பது விடிகாலையில் ரப்பர் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரிப்பது. என் அம்மா பல வருடம் அந்த வரிசையில் நின்றவர். பட்டம் வாங்கிய மகள் நான் அதையே மண்டப வாசலில் நடத்தியிருக்கிறேன்.

ஐந்து நிமிடம் இருக்கும்படி அக்காவைக் கேட்டுக்கொண்டு, எனக்கு நானே மாட்டியிருந்த சிவப்பு அட்டையைக் கழற்றினேன். ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டேன். எல்லாரையும் அட்டையைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில், உடையில் தன் கையால் செய்த ஏதாவது ஒன்றை மட்டும் எழுதச் சொன்னேன். சிவப்பு அட்டைக்காரர்கள் இருவர் முகம் சுளித்துக் கிளம்பினார்கள். தடுக்கவில்லை. கடையில் வாங்கிய உடையோடு வந்த ஒருவர் 'இரண்டாவது பொத்தானைத் தைத்தேன்' என்று எழுதினார்.

அக்கா எழுதியது, 'சிறகு மடங்கும்.'

பெரிய கவசம் அணிந்த ஒருவர் எப்படி என்று கேட்டார். அக்கா சிறகுகளை மறுபடி மாட்டி, தோளருகே ஒரு கயிற்றை இழுத்தார். விசிறிபோல மடங்கின. உள்ளே குடைக்கம்பிகள், பள்ளிப் பையின் வார்.

"பஸ்ல வரணும்ல, அதான்," என்றார்.

"என் கவசத்துத் தோளு பஸ் கதவுலயே நுழையாதுக்கா. இதக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க," என்றார் கவசக்காரர்.

அதற்குள் நாலைந்து பேர் கேமராவோடு சூழ்ந்துவிட்டார்கள். சிறகை விரி, மடக்கு என்று அக்காவை அவர்கள் விடவே இல்லை. எடுத்ததில் ஒரு படம் இப்போது அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது, கல்யாணப் படத்தைவிடப் பெரிய சட்டத்தில்.

அடுத்த நிகழ்ச்சி பாகான் டத்தோ ஊரில். பதிவுப் படிவத்தை நேற்று வெளியிட்டுவிட்டேன். எந்த நிலை என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. காலையில் முதல் பட்டறை, சிறகு மடக்குவது. சொல்லித்தருபவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரைப் போட்டிருக்கிறேன்.