ஜெபராஜ் நிறுத்திவைத்த பின்னூட்டங்கள்

ஜெபராஜ் அண்ணாச்சி மாரடைப்பில் காலமான செய்தி, முத்தையாபுரம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது கிடைத்தது. எங்கள் இணையதளத்தை உருவாக்கியவர் அவர்; அதில் எழுதியவள், பள்ளிக்கூட டீச்சரான நான். அழுகை வரவில்லை. சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமலே போய்விட்டாரே என்ற கோபம்தான் வந்தது. அவரை அறிந்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாசரேத்துக்காரர். கடற்கரைச் செய்திகளுக்கென்றே ஜாங்கோ என்ற மென்பொருளில் நிரல் எழுதி அந்தத் தளத்தை எழுப்பினார். வாசகர்கள் கருத்துச் சொல்ல இடம் வேண்டும் என்று கேட்டேன். இரண்டே நாளில் பின்னூட்டப் பெட்டியைச் சேர்த்தார். ஆனால் அவர் அனுமதித்தால்தான் எதுவும் பக்கத்தில் தெரியும்.

"கதவு வச்சா தாழ்ப்பாளும் வேணும், டீச்சர். கண்டவனும் வந்து ஏசிட்டுப் போவான்."

எனக்கும் அது சரியென்றே பட்டது.

பிறகு புன்னைக்காயல் மீன்பிடி வள்ளம் ஒன்றில் கப்பல் மோதி அந்தோணி என்பவர் இறந்தார். வள்ளத்தில் விளக்கு எரியவில்லை என்று யாரோ சொன்னதை நம்பி, விசாரிக்காமல் எழுதினேன். வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"ஒண்ணும் வரலை, டீச்சர்."

மூன்று மாதம் கழித்து, புன்னைக்காயல் கோயில் வாசலில் அந்தோணியின் மனைவி ரோஸ்மேரி என்னை மறித்தார்.

"விளக்கு எரிஞ்சுது டீச்சர். அன்னைக்கு நாந்தான் புது பேட்டரி வாங்கிக் குடுத்தேன். அதை உங்க தளத்துல எழுதுனேன். கூடப் போயித் தப்பிச்சு வந்த கொழுந்தனும் எழுதுனாரு. ரெண்டையும் அழிச்சிட்டியளே?"

நேரே ஜெபராஜ் வீட்டுக்குப் போனேன். அவர் மழுப்பவில்லை, கணினியை என் பக்கம் திருப்பினார். அனுமதிக்குக் காத்திருக்கும் பட்டியலில் இரண்டும் இருந்தன. கட்டுரை வெளியான மறுநாளே வந்தவை.

"உங்க பேரு கெட்டுரக் கூடாதுன்னுதான்..."

"எம்பேருக்காவ செத்தவரு பேரைக் கெடுத்தியளா, அண்ணாச்சி?"

தலை குனிந்துகொண்டார். அன்றே இரண்டையும் வெளியிட்டு, திருத்தமும் மன்னிப்பும் எழுதினேன். ரோஸ்மேரி என்னிடம் இன்றுவரை பேசுவதில்லை. ஜெபராஜ் அந்த வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் போகவேயில்லை. நானும் அவரிடம் பேசுவதை நிறுத்தினேன்.

அடக்கத்துக்குப் போனேன். பத்தாண்டுப் பழக்கம், போகாமல் இருக்க முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

நிரல் தெரியாத எனக்கு அவர் முதன்முதலில் சொன்னது ஒன்று உண்டு: "எரர் வந்தா பயந்து மூடிராதீங்க. முழுசா வாசிங்க." அவரே காப்பாற்றாத அந்தச் சொல்லை நான் வைத்துக்கொண்டேன். பின்னூட்டங்களை இப்போது நானே திறக்கிறேன். என் தவறைச் சொல்வதைத்தான் முதலில் வாசிக்கிறேன்.