ஹார்பரும் தொடக்கூடாத படகும்

"ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போன படகை இம்மாதம் முழுவதும் நம் கரையில் யாரும் தொடக்கூடாது." போன நவம்பரில் எங்கள் ஊர்க்கமிட்டி மாதா கோயில் பலகையில் ஒட்டிய தாள் இது. தேதியோடு பெயர்த்து எழுதி வைத்திருக்கிறேன். படகு என் தங்கை கணவருடையது.

கயிற்றைப் பிடித்து இழுக்கக் கரையில் ஆள் இல்லாவிட்டால் எங்கள் அலையில் படகு மணலேறாது. அதனால் மாப்பிள்ளை தெற்கே பக்கத்து ஊர்க் கரையிலிருந்து தொழிலுக்குப் போய்வந்தார்.

தூத்துக்குடியில் புயல் கூண்டு ஏற்றிய அன்று மத்தியானம், ஹார்பர் என்ற சொல்லின் மூலத்தை அகராதிகளில் தேடிக்கொண்டிருந்தேன். 'படை', 'காப்பு' என்ற இரண்டு பழைய ஜெர்மானியச் சொற்கள் சேர்ந்து பிறந்த சொல் அது. முதலில் படையாட்கள் தங்கும் இடம். பிறகு வழிப்போக்கர் விடுதி. கப்பல் ஒதுங்கும் இடமானது அதற்கும் பின்னால்தான்.

தங்கை ஓடிவந்தாள். "அவிய அங்கன கடல்ல கெடக்காவ, நீ இங்கன புத்தகம் படிக்கியாண்ணே?"

காற்று படகை எங்கள் கரைக்கே தள்ளிக்கொண்டு வந்திருந்தது. உள்ளே மூன்று பேர். கரையில் ஊரே நின்றது. கயிற்றுக்கு ஒருவரும் இறங்கவில்லை.

"இன்னைக்குத் தொட்டா நாளைக்கு எவனும் ஞாயித்துக்கெழமைய மதிக்க மாட்டான்" என்றார் கமிட்டித் தலைவர்.

"பொணத்தையாவது தொடலாமா அண்ணாச்சி? அதையும் தாள்ல எழுதி ஒட்டிருங்க" என்றாள் தங்கை.

படகு அலையில் செங்குத்தாக எழுந்து, பக்கவாட்டில் சரிந்தது. தலைவர் சாரத்தை மடித்துக் கட்டினார்.

"ஏலே, படகத் தொடாதீய! ஆளப் புடிங்க!"

கைகோத்து இறங்கி மூன்று பேரையும் இழுத்து வந்தார்கள். தங்கை, தன் கணவரின் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பிக் கடலைப் பார்த்தாள். வங்கிக் கடன் முடியாத படகு அலையில் உருண்டுகொண்டிருந்தது. நானும் அதைத் தொடவில்லை. மழை இறங்கியதும் எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

காலையில் படகு மணல்மேட்டில் இருந்தது. அடியில் தென்னந்தடி முட்டுக் கொடுத்து, எஞ்சின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது.

"அலை ஏத்தியிருக்கும்" என்றார் தலைவர்.

"அலை தார்ப்பாயும் கட்டுமா அண்ணாச்சி?" என்றாள் தங்கை.

"நம்ம கடலு எல்லாஞ் செய்யும்."

ஹார்பர் ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லா, வடக்கிலிருந்து வந்த கடலோடிகள் கொண்டுவந்ததா என்பதில் அகராதிகள் ஒத்துப்போகவில்லை. படகை மேலே ஏற்றியவர்கள் யார் என்பதும் இதுவரை உறுதியாகவில்லை. அதற்குப் பத்துக் கையாவது வேண்டும். நான் கேட்டவர்கள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்ததாகவே சொல்கிறார்கள்.