மாடுகளை நிலத்தில் ஓட்டிவிட்ட காலை

பிள்ளைகளா, அந்த விமானத்தைப் பற்றி நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிட்டேன். எட்டாவது வரை படித்தவன். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அன்று சாமை விதைக்க நிலத்தை உழுது வைத்திருந்தோம். மலைமேட்டில் சமமான இடம் அது ஒன்றுதான். அதில் பாதிக்குப் பட்டா இல்லை. காட்டிலாகாக்காரர்கள் காட்டு எல்லையை அளக்க மேலேயிருந்து படம் எடுக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

காலையில் மஞ்சள் விமானம் ஒன்று தாழ்வாக வந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள். சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. எங்கள் நிலத்தையே வட்டமடித்தது.

"இன்னா வாயப் பொளந்துனு பாக்குற? படம் புடிக்கிறாங்கய்யா!" என்று உங்கள் அம்மா கத்தினாள்.

"நல்லா சிரி மாமா, போட்டோவுல வருவ" என்றான் பக்கத்து நிலத்து மச்சான்.

உழுதது படத்தில் விழுந்தால் நிலம் போய்விடும், மேய்ச்சல் நிலம் என்று நினைக்கட்டும் என, எங்கள் மாடுகளையும் அவன் மாடுகளையும் உழவின்மேல் ஓட்டிவிட்டேன்.

விமானம் இறங்கத்தான் வந்தது. மாட்டுக் கொம்புகளுக்கு மேலே வந்ததும் வெடுக்கென்று மூக்கைத் தூக்கியது. சத்தம் நின்றது. பிறகு கீழ்ச்சரிவில் மரம் முறிந்தது.

ஓடிப் பார்த்தோம். இறக்கை முழுக்க மரச்சட்டமும் துணியும்தான். புடவைபோலக் கிழிந்து தொங்கியது. உள்ளே ஒரே ஆள், நரைத்த மீசை. இடுப்புக்குக் கீழே நசுங்கியிருந்தது. போர்வையை மூங்கிலில் கட்டி டோலியாக்கித் தூக்கினோம். முன்பக்கம் நான்.

வழியில் அவர் கேட்டார்: "மாடு எதுக்காவது அடிபட்டுச்சா?"

"இல்லீங்க சார்."

"இன்ஜின் நின்னு நின்னு போச்சு. நல்ல இடம்னு பார்த்தேன். அதுக்குள்ள மாடு வந்துடுச்சு."

நான் மூங்கிலைத் தோள் மாற்றிக்கொண்டேன். போளூர் போகும் ரோட்டை எட்டுமுன் டோலி கனத்தது; அவர் உயிர் போயிருந்தது.

"ரெண்டு உலகப் போருக்கும் நடுவுல செஞ்சது. வெள்ளக்காரங்க பறக்கக் கத்துக்குன வண்டி. ஆசையா ரிப்பேர் பண்ணி ஓட்டினு இருந்தாரு" என்றார் விசாரிக்க வந்த போலீஸ்காரர். மாடுகள் தினமும் அங்கேதான் மேயும் என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டாம் நாள் அவர் மகள் நம் வீட்டுக்கு வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அப்பாவ அவ்ளோ தூரம் தூக்கினு வந்தீங்களாமே அண்ணா" என்று அழுதாள்.

"தண்ணி குடிங்கம்மா" என்றேன். பெரியவளே, சொம்பைக் கொண்டுவந்தவள் நீ. அன்று மாடு ஓட்டும்போது என் பின்னாலேயே நின்றவளும் நீதான். அவள் போன பிறகும், அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ என்னிடம் கேட்கவில்லை.