பார்க்கிங்கில் ஏறிய படகு

காற்றடிக்கும் கேனோ படகை விற்கப்போகிறேன் என்று இங்கே போட்டிருந்தேன் அல்லவா? இன்று காலை ஹிஞ்சேவாடியிலிருந்து ஒரு இளம் ஜோடி பார்க்க வந்தார்கள். பெண் கோயம்புத்தூர்க்காரி, அவள் கணவன் மராத்திக்காரன்.

எங்கள் அடுக்குமாடி சொசைட்டி பார்க்கிங்கிலேயே காற்றடித்து விரித்தோம்.

"இதுல ரொம்ப தூரம் போயிருக்கீங்ளா அக்கா?" என்று கேட்டாள்.

"நானும் எங்க வீட்டுக்காரரும் கோதாவரியில ரெண்டு வாரம் போனோம். பகல் பூரா துடுப்பு, பொழுது சாஞ்சா மணல்ல டென்ட்."

"அண்ணா வீட்ல இல்லீங்களா?"

"போன வருஷம் தவறிட்டார்மா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. துடுப்புப் போடும் விதத்தைக் காட்டுகிறேன் என்று முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன். அந்த மராத்திப் பையன் பின்னால் ஏறினான்.

முன்சீட்டில் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவரின் முகம் தெரியாது. கோதாவரியில் நான் திரும்பாமலேதான் அவரோடு பேசிக்கொண்டு போனேன். ஒரு 'ம்' மட்டும் வரும். அது போதுமாக இருந்தது.

இன்று பின்சீட் அழுந்தியதும், பழக்கத்தில், "கொஞ்சம் இடது பக்கமா போடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"க்யா போலா, தீதி?" என்றான் பையன், நான் சொன்னது புரியாமல்.

ஒன்றுமில்லை என்று இறங்கிவிட்டேன்.

படகை எடுத்துக்கொண்டார்கள். "டென்ட்டையும் குடுத்துருவீங்ளா அக்கா?" என்றாள். சரி என்றுதான் வாயெடுத்தேன். "அது இருக்கட்டும்மா" என்று வந்தது.

இருவர் படுக்கும் டென்ட்டைத் தனி ஆளாகக் கட்டியவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? கம்பியின் மறுமுனையை எதை வைத்துப் பிடித்துக்கொள்வீர்கள்?